முதலில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் இராஜபாளையம் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து தெற்கே தளவாய்புரம் பக்கம் திரும்பினால் செட்டியார்பட்டி. வழிநெடுக மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. ஆனால் இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியது மலையைவிட, ஊர் ஊராக மாறிக்கொண்டே வரும் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தைச் சுற்றிப் பால்கோவாக் கடைகள். இராஜபாளையத்தில், 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகள்; ஷிப்டு மாறும் நேரத்தில்தான் ஊர் விழிப்பதும் அடங்குவதும். கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்தில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி ஓடும் விசைத்தறிகள். தெற்கே வந்தால் தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் மூன்றும் சேர்ந்து நைட்டி தைக்கும் வட்டாரம். கடையில் நாம் விலை பேசி வாங்கும் நைட்டி பலவும் இந்தத் தெருக்களில் ஏதோ ஒரு வீட்டின் முன்னறையில் தைக்கப்பட்டது. பெற்றோருக்கான கல்வி என்ற பேச்சை இந்தப் பாதையில் வைத்து யோசிப்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நாம் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, பெற்றோருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் ஓய்வு உண்டு என்று எண்ணிக்கொண்டு சொல்லப்படுபவை. இங்கே அந்த ஆறு மணி என்பது அடுத்த கட்டுத் துணியைப் பிரிக்கும் நேரம்.

அந்த முன்னறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. கூலி பீஸ் கணக்கு. மோட்டார் பொருத்திய மெஷினில் கால் அழுத்தும்போது ஊசி ஓடுகிறது, கால் எடுத்தால் நிற்கிறது, வருமானமும் அதோடு நிற்கிறது. தாய் தைக்கிறாள் என்றால் தவழும் குழந்தை அவள் காலடியில்தான் இருக்கும். வெட்டுத்துணி, நூல்கண்டு, கத்தரிக்கோல், மோட்டார் ஒயர் எல்லாம் அதன் கைக்கெட்டும் உயரத்தில். குழந்தை மெஷின் பக்கம் கையை நீட்டும்போது அவள் முதலில் செய்வது அதட்டுவது, அடுத்தது ஒரு அடி. ஊசிக்கும் குழந்தையின் விரலுக்கும் நடுவே அவளுக்குக் கிடைத்த கருவி அந்த அடி ஒன்றுதான். இன்றைக்கு அந்த இடத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டிருக்கிறது. வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் நாலு பீஸ் முடிக்கலாம். இந்தக் காட்சியை மறந்துவிட்டு, 'குழந்தையை அடிக்காதீர்கள், கைப்பேசி கொடுக்காதீர்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்' என்று சொல்லும் எந்தப் பயிற்சியும் அவள் காதில் குற்றப்பத்திரிகையாகத்தான் விழும்.

அடிக்காமல், அவமானப்படுத்தாமல், பிள்ளை செய்யும் நல்லதைக் கவனித்துச் சொல்லி, விதிகளைத் தெளிவாக வைத்து வளர்க்கும் முறையைப் பெற்றோருக்குச் சொல்லித்தரும் அமைப்புகள் நம்மிடமும் உண்டு. சென்னையில் 'பேரண்டிங் மேட்டர்ஸ்' பெற்றோரைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசவைக்கிறது. இராஜபாளையத்து ராம்கோ குடும்பத்தைச் சேர்ந்த நளினா இராமலட்சுமி தொடங்கிய 'பேரண்ட்சர்க்கிள்' ஆங்கிலத்தில் பத்திரிகை நடத்தியதோடு தமிழில் 'செல்லமே' இதழையும் கொண்டுவந்தது. இராஜபாளையத்தில் வேர் கொண்ட ஒரு குடும்பத்திலிருந்து இந்த அக்கறை பிறந்தது மதிப்புக்குரியது. ஆனாலும் பத்திரிகையும் பயிலரங்கும் முதலில் போய்ச் சேர்வது, வாசிக்கவும் வந்து உட்காரவும் நேரம் உள்ள வீடுகளைத்தான். அது அவர்கள் குறையன்று, அந்த வடிவத்தின் எல்லை. செட்டியார்பட்டிக்கு அது எட்ட வேண்டுமானால் வடிவம் மாற வேண்டும். எப்படி மாற வேண்டும் என்பதற்கு விடை, வேலை செய்யும் ஏழைப் பெற்றோரிடையே வேரூன்றிய அமைப்புகளின் கதையிலேயே இருக்கிறது. அவை எல்லாம் முதலில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டன. பேச்சு அதன் பிறகுதான் வந்தது. இந்த வரிசை தலைகீழானால் பெற்றோர் கல்வி வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காக நின்றுவிடும் என்பதே என் வாதம்.

இந்தியாவில் இதற்கு முதல் சான்று 'மொபைல் கிரெஷஸ்'. 1969இல் தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. சித்தாள் வேலை பார்த்த பெண்களின் கைக்குழந்தைகள் மண்ணிலும் ஜல்லியிலும் வெயிலில் கிடந்தன. காந்தியின் பெயரால் எழும் கட்டடத்தின் அடியிலேயே அந்தக் குழந்தைகள் கிடந்ததைப் பொறுக்கமாட்டாத மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். மீரா இந்தியில் நாவல் எழுதியவர், குழந்தை மருத்துவமோ கல்வியியலோ படித்து வந்தவர் அல்லர். கட்டுமானம் முடிந்தால் கூலிகள் அடுத்த இடத்துக்குப் போவார்கள், காப்பகமும் கூடவே போக வேண்டும். பெயரில் உள்ள 'மொபைல்' அதைத்தான் சொல்கிறது. 1972இல் மும்பைக்கும் 1981இல் புனேவுக்கும் பரவியது. 1977இலேயே மீரா மறைந்துவிட்டார் என்றாலும் அமைப்பு நின்றது, இன்றும் நடக்கிறது. அவர் தாய்மாருக்கு வகுப்பு எடுத்துத் தொடங்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்தார்கள். பால்கொடுக்கத் தாய் நடுவில் வந்து போனாள். வந்து போகிற இடத்தில்தான், இன்றைக்குக் குழந்தை எதை எடுத்து விளையாடியது, எந்தச் சொல் புதிதாகச் சொன்னது, ஏன் அழுதது என்ற பேச்சு தொடங்கியது. பிறகு அது பெற்றோர் கூட்டமாக வளர்ந்தது, தொழிலாளர் குடியிருப்புகளில் 'லோக்தூத்' என்ற பெயரில் நாடகமாகவும் போனது. தன் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவள் சொல்லும் யோசனைக்குத் தாயிடம் இருக்கும் செல்வாக்கு, மேடையில் நின்று பேசுகிறவருக்கு ஒருநாளும் வராது.

அந்தக் கூடாரத்தின் விளைவு கூடாரத்தோடு நிற்கவில்லை. அதே காலத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு, பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி 1972இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியதற்குப் பின்னணியில் அந்த அறிக்கை இருந்தது. பின்னாளில் சென்னையில் இருந்துகொண்டு, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காகக் கடைசிவரை வாதாடியவர் மீனா. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. தொண்டு அமைப்பு ஒன்று எவ்வளவு வளர்ந்தது என்பதை அதன் கிளைகளை எண்ணிச் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால், அது தொடங்கிவைத்த காரியம் எத்தனை சட்டங்களிலும் திட்டங்களிலும் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதே சரியான அளவு.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான அனுபவம் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. தொண்டன்று, அரசுத் திட்டம். ஆனாலும் பெற்றோர் கல்வி எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் குறைவு. ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணே பணியாளர். 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதம் ஒருமுறை எடை போட்டார்கள். எடையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடாக இழுத்து, தாயின் கண்முன்னேயே காட்டினார்கள். கோடு ஏறவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, கூடவே வீட்டில் என்ன கொடுக்கலாம் என்ற பேச்சு. எல்லாக் குழந்தைக்கும் எல்லா நாளும் சோறு போடுவதைவிட இது செலவு குறைவு என்பது ஒரு பக்கம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்தக் கோட்டைப் படித்தாள் என்பது இன்னொரு பக்கம். தன் பிள்ளையின் வளர்ச்சி தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையை ஒரு தாளில் போட்ட கோடு தந்தது. அங்கே பாடம் தராசோடு சேர்ந்து வந்தது, உருண்டையோடு சேர்ந்து வந்தது. வெறும் பாடமாக வந்திருந்தால் மாதா மாதம் யார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்?

உணவுக்கு இது சரி, பேச்சுக்கும் விளையாட்டுக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் நடத்திய ஆய்வு இதற்கு நேரான விடை. 1980களில், வளர்ச்சி குன்றிய 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பால்மாவு. ஒரு குழுவின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், உள்ளூர் சுகாதாரப் பணிப்பெண் போய், வீட்டில் கிடக்கும் டப்பாவையும் பாட்டிலையும் விளையாட்டுச் சாமானாக மாற்றித் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடினாள். ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு இரண்டும் இல்லை. இது இரண்டு ஆண்டு நடந்தது. இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பார்த்தபோது, வீட்டுக்கு ஆள் போய் விளையாடிய குழுக்களில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். கட்டுரை 2014இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. போனவள் பட்டம் பெற்ற உளவியலாளர் அல்ல. அவள் தாயை வகுப்புக்குக் கூப்பிடவில்லை, தாய் இருக்கும் இடத்துக்கே போனாள். ஒரு மணி நேரமாவது அந்தத் தாயின் பக்கத்தில் இன்னொரு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தாள். இதே முறை பின்னர் ஒடிசாவிலும் முயன்று பார்க்கப்பட்டது.

மறுபக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மாட் சாண்டர்ஸ் உருவாக்கிய 'டிரிபிள் பி' உலகில் மிகவும் பரவிய பெற்றோர் பயிற்சிகளில் ஒன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 18 கவுண்டிகளில் நடந்த சோதனையில், குழந்தைகள் மீதான கொடுமை குறைந்ததாக 2009இல் முடிவு வந்தது. அதே பயிற்சியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் முழுக்கக் கொண்டுபோனபோது, நகரத்துக் குழந்தைகளின் நிலையில் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை. பயிற்சியை முடிக்காமல் பாதியில் நின்றவர்கள் நிறையப் பேர். தேவை மிகுந்த குடும்பங்களில்தான் அந்த விடுபடல் அதிகம். பெற்றோர் கல்வியே வீண் என்று இதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. நான் இதை வேறுவிதமாகப் படிக்கிறேன். பாடம் ஒன்றுதான். வந்து உட்கார முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் உள்ள தூரத்தை அந்தப் பாடம் கணக்கில் எடுக்கவில்லை. கிளாஸ்கோவில் நடந்தது செட்டியார்பட்டியில் இன்னும் வேகமாக நடக்கும். சனிக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பள்ளியில் பெற்றோர் பயிற்சி என்று அறிவித்தால், கூலிக் கணக்கு முடிக்க வேண்டிய அந்த நாளில் யார் மெஷினை விட்டு எழுவார்கள்?

இனி, வழியில் எதிர்ப்படும் மறுப்புகள். முதலாவது, திண்ணையிலும் டீக்கடையிலும் ஒரே குரலில் கேட்பது: அடியாத மாடு படியாது. நாங்கள் அடிவாங்கித்தானே வளர்ந்தோம், கெட்டா போனோம்? இதைச் சொல்கிறவர்கள் கொடியவர்கள் இல்லை, பெரும்பாலும் பிள்ளைக்காக உயிரை விடுகிறவர்கள். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. மூன்றில் இருவர் உடலில் அடிபட்டவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தது பெற்றோரே. இவ்வளவு அடித்தும் பிள்ளைகள் சொன்னபடி கேட்கவில்லை என்ற புலம்பல் எந்தத் தலைமுறையிலும் குறையவில்லை என்பதே அடிக்கு எதிரான முதல் சாட்சி. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் 17ஆம் பிரிவில் தடுத்துவிட்டது. அதனால் வகுப்பறை பாழாகிவிட்டது என்று வருந்தும் ஆசிரியர்களுக்கும் இதே பதில்தான்: அடியை எடுத்த இடத்தில் வேறொன்றை நாம் கற்றுத்தரவில்லை. பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு கையை வெறுமனே விட்டோம்.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நம் குடும்பத்துக்கு ஒத்துவராது என்பது. இந்தப் பயணம் தொடங்கிய ஊரே இதற்குப் பதில் சொல்லும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய பெரியாழ்வார், துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண்குழந்தையை வளர்த்தவர் என்பது மரபு. யசோதையின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, குழந்தையின் பாதம் முதல் முடிவரை பார்த்துப் பார்த்துப் பாடியவர். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கிய வகையே வளர அவர்தான் ஊற்று. காது குத்தப் பயப்படும் பிள்ளையைத் தின்பண்டம் காட்டி இணங்கவைப்பதும், குளிக்க மறுத்து ஓடும் பிள்ளையைக் கெஞ்சிக் கூப்பிடுவதும் அந்தத் திருமொழியில் பதிகம் பதிகமாக வருகிறது. குழந்தையைக் கவனித்துப் பார்ப்பதும் பேசி இணங்கவைப்பதும் இந்த மண்ணுக்கு இறக்குமதியானவை என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு யாரும் சொல்ல முடியாது. உரலில் கட்டிப்போட்ட கதையும் அதே கண்ணன் மரபில்தான் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மரபில் இரண்டும் இருக்கும்போது எதை எடுத்துக்கொள்வது என்பது நம் பொறுப்பு. பெரியாழ்வார் ஓர் ஆண் என்பதை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. குஜராத்தில் பாவ்நகரில் 1920இல் பாலமந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்காவும் ஆண்தான், அதற்கு முன் வக்கீல். மாண்டிசோரியிடமிருந்து எடுத்துக்கொண்டாலும், குஜராத்தியில் பெற்றோருக்கென்றே எழுதி எழுதிக் குவித்தார். 'பகற்கனவு' என்று தமிழிலும் கிடைக்கும் அவருடைய நூலை நம் ஆசிரியர்கள் அறிவார்கள். அவரை ஜனங்கள் 'மீசை வைத்த அம்மா' என்றே அழைத்தார்கள்.

ஆண்களும் பிள்ளை வளர்ப்பில் இறங்கிய இந்தக் கதையே மூன்றாவது மறுப்புக்கும் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. பெண்ணியவாதிகள் எழுப்பும் மறுப்பு இது, எனக்கு மிகவும் வலுவாகப் படுவதும் இதுதான். பெற்றோர் கல்வி என்ற பெயரில் நடப்பது தாய்க்கு இன்னொரு பாரம் ஏற்றுவது. கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், காப்பகம் இல்லை என்ற குறைகளை மூடிவிட்டு, உனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை என்று அவள் தலையில் பழியைப் போடுவது. உண்மை இருக்கிறது. அதனால்தான் குழந்தையை வாங்கிக்கொள்ளும் கை முதலில் வர வேண்டும் என்கிறேன். அந்தக் கை வந்த பிறகும் பேச்சு வேண்டாம் என்று சொன்னால் அதை ஏற்க மாட்டேன். வறுமை குறைந்தால் அடி தானாகக் குறையும் என்பதற்கு, வசதியான வீடுகளில் விழும் அடியே மறுப்பு. தகப்பன்மாரையும் கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். மில்லில் இரவு ஷிப்டு முடிந்து பகலில் வீட்டில் இருக்கும் தகப்பன் இந்த ஊர்களில் உண்டு. தூங்கி எழுந்த அவன் மடியில் குழந்தை உட்கார்ந்தால், அந்த நேரத்துக்குத் தாயின் கால் நிம்மதியாக மெஷினில் இருக்கும்.

அரசு இருக்கும்போது தொண்டு எதற்கு என்பது கடைசிக் கேள்வி. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அங்கே கிடைப்பது சத்துமாவும் எடை பார்த்தலும்தான். பகலெல்லாம் விட்டுவிட்டு வர இடம் கிடையாது. தையல் நேரமும் அங்கன்வாடி நேரமும் பொருந்துவதில்லை. சட்டத்தின் பக்கம் பார்த்தால், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 50 பேர் என்று எல்லை வைத்தது. முன்னறையில் ஒரே ஒரு மெஷின் வைத்துத் தைப்பவள் எந்த எண்ணிக்கையிலும் வருவதில்லை. ஒரே தெருவில் இருபது வீட்டில் இருபது மெஷின் ஓடினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே தொழிற்சாலை கிடையாது. இந்த இடைவெளியில்தான் தொண்டுக்கு வேலை இருக்கிறது. மொபைல் கிரெஷஸ் செய்ததும் அதுதான்: சட்டம் வராத இடத்தில் முதலில் நின்று, நடத்திக் காட்டி, பிறகு சட்டத்தை வரவழைத்தது.

செட்டியார்பட்டியில் அப்படி ஒன்று தொடங்குவதானால் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு அறை, அதே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள், அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம், நேரம் தையல் நேரத்தை ஒட்டி இரவு எட்டு வரை. வாரம் ஒருமுறை அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய் முன்னறையிலேயே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். விளையாட்டுச் சாமானுக்குப் பஞ்சமில்லை. வெட்டுத்துணியில் பந்து கட்டலாம், காலி நூல்கண்டுகளைக் கோத்து உருட்டலாம், அட்டைப்பெட்டியில் வீடு செய்யலாம். அந்த மணி நேரத்தில் ஓடாமல் போகும் பீஸுக்கு ஈடும் தர வேண்டும், இல்லாவிட்டால் தாய் முகத்தைப் பார்க்காமல் தைத்துக்கொண்டேதான் தலையாட்டுவாள். பணம் எங்கிருந்து வரும் என்றால், துணிக்கட்டு அனுப்பும் உற்பத்தியாளர்கள் நைட்டிக்கு இத்தனை காசு என்று ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதில் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வருகிறது. பள்ளிக்குப் போகும் வயது வந்த பிள்ளைக்குத் தரும் அந்த வாரியம், தவழும் பிள்ளைக்கும் ஒரு அறை தரலாம் என்ற கோரிக்கையை, கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்த்தே தொழிற்சங்கங்கள் வைக்க முடியும்.